கருத்த அடியும் வெளுத்த மேலும்: கலிபோர்னிய வால்நட்டின் வேர்ச்செடி வரலாறு

கலிபோர்னியாவின் மையப் பள்ளத்தாக்கில் உள்ள பழைய வால்நட் தோப்புகளில் ஒவ்வொரு மரமும் இரு நிறத்தில் நிற்கிறது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கோ, சில தோப்புகளில் ஆளின் மார்பளவுக்கோ அடிமரத்தின் பட்டை கருத்து, ஆழமாக வெடித்துச் சொரசொரப்பாக இருக்கும். அதற்கு மேல், கோடு கிழித்தாற்போல, அதே மரம் வெளுத்த சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். கருத்த பகுதி அந்த மண்ணுக்கே உரிய கறுப்பு வால்நட் இனத்தைச் சேர்ந்தது. வெளுத்த பகுதி, தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் வால்நட் என்றும் அக்ரூட் என்றும் விற்கப்படும் பருப்பைத் தருகிற பாரசீக வால்நட். தோப்புக்காரர் தம் மரத்தைச் சொல்லும்போதும், வணிகர் கொட்டையை விலைபேசும்போதும் மேற்பாதியின் ரகப்பெயரே வழங்கிவந்தது. கீழ்ப்பாதிக்கு நூறாண்டுகளுக்கு மேலாகத் தனிப்பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. மேற்பாதியைத் தாய்மரத்தின் அச்சுப்படியாகவே பெருக்கத் தெரிந்துகொண்ட ஒரு தொழில், கீழ்ப்பாதியைக் காற்று கொண்டுவந்து சேர்த்த மகரந்தத்தின் போக்குக்கே அத்தனை காலம் விட்டுவைத்திருந்தது என்பதுதான் இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி.

விதையிலிருந்து முளைக்கும் வால்நட் கன்று தாய்மரத்தை ஒத்திருப்பதில்லை. ஒரே மரத்தின் பத்துக் கொட்டைகளை ஊன்றினால், ஓடு தடித்தது, பருப்பு சிறுத்தது, காய்ப்புக்கு இருபது ஆண்டு எடுப்பது என்று பத்து விதமான மரங்கள் கிடைக்கும். நல்ல மரம் ஒன்றை அப்படியே பெருக்க வேண்டுமானால் அதன் குச்சியையோ மொட்டையோ எடுத்து வேறொரு நாற்றின்மேல் பொருத்த வேண்டும். மேலே வைப்பது ஒட்டுக்குச்சி. கீழே வேரோடு நின்று அதைத் தாங்குவது வேர்ச்செடி. பட்டைக்கும் மரக்கட்டைக்கும் இடையே தாள்போல மெல்லியதாக ஓடும் வளர்படலம், அதாவது புதிய திசுவைப் பிறப்பிக்கும் உயிரணு அடுக்கு, இரண்டிலும் ஒன்றையொன்று தொடுமாறு அமைந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும். மா, ரோஜா போன்றவற்றில் ஓரளவு எளிதாகக் கைவரும் இந்த வேலை வால்நட்டில் நெடுங்காலம் கைவராமலே இருந்தது. வசந்தத்தில் தண்டை வெட்டியதும் வேரின் அழுத்தத்தால் சாறு பொங்கி வழிந்து குச்சியைத் தள்ளிவிடும். வெட்டிய முகத்தில் உள்ள துவர்ப்புப் பொருள் காற்றுப் பட்டவுடன் கருத்துப்போகும். காயத்தை ஆற்றும் திசு வளர்வதற்கு 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை வெப்பம் தேவைப்படும், ஆனால் குச்சி உறக்கத்தில் இருக்கும் பருவத்தில் அந்த வெப்பம் தோட்டத்தில் இருப்பதில்லை. கொட்டை மரங்களை விதைபோட்டு வளர்ப்பதே இயற்கை என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றியதற்கு இந்தத் தொல்லைகளும் ஒரு காரணம்.

அந்த எண்ணத்தை அமெரிக்காவில் முதலில் உடைத்தது வால்நட்டின் உறவான பீக்கன் மரம். லூசியானா மாநிலத்தின் ஓக் ஆலி பண்ணையில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த அந்துவான் என்னும் தோட்டக்காரர், 1846-47 குளிர்காலத்தில், மெல்லோட்டு பீக்கன் மரம் ஒன்றின் குச்சிகளை 16 மரங்களின்மேல் ஒட்டுக் கட்டி வெற்றி கண்டார். அம்மரங்களின் கொட்டை 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டு, 'சென்டென்னியல்' என்ற பெயரைப் பெற்றது. குச்சி எந்த மரத்திலிருந்து வந்தது என்பதையும், ஒட்டியவர் பெயரையும் வரலாறு குறித்துவைத்திருக்கிறது. அடியில் நின்ற அந்த 16 வேர்ச்செடிகளும் பண்ணையில் முளைத்துக்கிடந்த பீக்கன்கள் என்பதற்கு மேல் எதையும் எவரும் எழுதிவைக்கவில்லை. விருத்தாசலம், பண்ருட்டி வட்டார முந்திரி நாற்றங்கால்களில் இன்று நடக்கும் மென்தண்டு ஒட்டிலும் இதே மனப்போக்கைக் காணலாம்: மேலே வைக்கும் குச்சி விருத்தாசலம்-3 என்று எண்ணோடு வரும், கீழே பாலித்தீன் பையில் முளைத்து நிற்பது வெறும் 'நாற்று'.

கலிபோர்னியாவுக்கு வால்நட்டைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானிய பிரான்சிஸ்கன் துறவிகள். அவர்களுடைய மடங்களின் தோட்டங்களில் வளர்ந்த, சிறியதும் ஓடு தடித்ததுமான கொட்டை 'மிஷன்' வால்நட் என்று பெயர்பெற்றது. வணிகத் தோப்பு என்று சொல்லத்தக்கது சாண்டா பார்பராவை அடுத்த கோலீட்டாவில் தொடங்கியது. அங்கே நாற்றுப்பண்ணை நடத்திய ஜோசப் செக்ஸ்டன் 1867-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு மூட்டை வால்நட் வாங்கிவந்து விதைத்தார். அவை சிலியிலிருந்து கப்பலில் வந்தவை என்று கருதப்படுகிறது. முளைத்தவற்றுள் ஓடு மெலிந்த மரங்கள் பல இருந்தன. அவற்றின் கொட்டைகளை விதைத்துத் தெற்குக் கலிபோர்னியா முழுவதும் தோப்புகள் எழுந்தன, அவற்றின் கொட்டை 'சாண்டா பார்பரா மெல்லோடு' என்று சந்தையில் விலைபோனது. அத்தோப்புகளில் ஒட்டும் இல்லை, வேர்ச்செடியும் இல்லை. நுனி முதல் வேர் வரை ஒவ்வொரு மரமும் தனிப்பிறவி.

இதே காலத்தில் மாநிலத்தின் மறுகோடியில், சியரா நெவாடா மலையடிவாரத்துப் பொன்சுரங்க ஊரான நெவாடா சிட்டியில், வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. பிரான்சிலிருந்து வந்து அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்த பெலிக்ஸ் ஜில்லே, 1870-களின் தொடக்கத்தில், மேல்மண் போய் மொட்டையாகக் கிடந்த ஒரு மேட்டில் 'பேரன் ஹில்' என்ற நாற்றுப்பண்ணையைத் தொடங்கினார். பேரன் ஹில் என்றால் தரிசுமேடு. பிரான்சின் கிரெனோபிள் வட்டாரத்திலிருந்து பிரான்கெட், மாயெத் முதலிய ரகங்களை அவர் வரவழைத்தார். இவை தாமதமாகத் துளிர்ப்பவை, ஆகவே வசந்தத்தின் பின்பனியில் கருகாமல் தப்புபவை. 1908-இல் அவர் இறக்கும்வரை இடைவிடாமல் எழுதியும் விற்றும் வந்ததன் பயனாக, வால்நட்டுக்கும் மாம்பழம்போல ரகப்பெயர் உண்டு, பெயருள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும் என்ற உணர்வு வடகலிபோர்னியாவில் பரவியது. ரகத்துக்குப் பெயர் வந்த இடத்தில் ஒட்டும் தவிர்க்க முடியாததாயிற்று.

தெற்கில் அந்த மாற்றத்தை உண்டாக்கியது ஒரு நோய். பாக்டீரியாவால் வரும் வால்நட் கருகல் நோயை நியூட்டன் பியர்ஸ் 1901-இல் விவரித்தார். பிஞ்சு கருத்துச் சுருங்கி உதிரும் இந்நோய்க்கு மருந்து தேடி அலுத்த பின்னர், ஒரே தோப்பில் சில மரங்கள் மட்டும் ஆண்டுதோறும் தப்பிவிடுவதைத் தோப்புக்காரர்கள் கவனித்தார்கள். விதைநாற்றுத் தோப்பின் குறையாகக் கருதப்பட்ட வேறுபாடே இங்கே கைகொடுத்தது. அப்படித் தப்பிய மரத்தின் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்டினால் தோப்பு முழுவதையும் காக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆய்வு நிலையம் 1912-இல் வெளியிட்ட வால்நட் சாகுபடி அறிக்கையும் ஒட்டு மரங்களின் பக்கமே நின்றது. அந்த இடத்தில்தான் கேள்வி எழுந்தது: எதன்மேல் ஒட்டுவது?

முன்னே இருந்தவை மூன்று. முதலாவது பாரசீக வால்நட்டின் விதைநாற்று. தன் இனத்தின்மேல் தானே நிற்பதால் பொருத்தத்துக்குக் குறைவில்லை, ஆனால் கலிபோர்னிய ஓக் காடுகளை அழித்துத் திருத்திய நிலங்களில் மண்ணுக்குள் தங்கியிருந்த ஆர்மில்லேரியா என்ற வேர்ப்பூஞ்சை அதை எளிதில் கொன்றது. இரண்டாவது தெற்குக் கலிபோர்னியாவின் கறுப்பு வால்நட். அது இயல்பிலேயே அடியிலிருந்து பல தண்டுகளாகக் கிளைக்கும் குறுமரம், ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து வளரும் வழக்கம் அதற்கு இல்லை. மூன்றாவதாக வந்த வடகலிபோர்னியக் கறுப்பு வால்நட்டே வென்றது. 1837-இல் 'சல்பர்' என்ற பிரித்தானியக் கடற்படைக் கப்பலோடு சாக்ரமெண்டோ ஆற்றுக்கு வந்த மருத்துவரும் இயற்கையியலாளருமான ரிச்சர்டு பிரின்ஸ்லி ஹிண்ட்ஸின் நினைவாக, தாவரவியலாளர் வில்லிஸ் ஜெப்சன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ஹிண்ட்ஸ் பெயரைச் சூட்டினார். இயற்கையாக வளர்ந்தவை என்று ஜெப்சன் கருதிய தோப்புகள் மிகச் சில. அவையும் பழங்குடி மக்களின் பழைய குடியிருப்புத் திடல்களை அடுத்தே இருந்தன என்று அவர் குறித்தார். காட்டில் அரிதான இந்த மரம் சாலையோரத்திலும் பண்ணை வீட்டு வாசலிலும் நிழலுக்காக ஏராளமாக நடப்பட்டிருந்தது. கொட்டை மலிவு, வளர்ச்சி வேகம், ஓக் பூஞ்சையைத் தாங்கும் வேர் என்ற மூன்றும் சேர்ந்து நாற்றுப்பண்ணைக்காரர்களுக்குப் போதுமான காரணமாயின. சாலையோர மரத்தடியில் பொறுக்கிய கொட்டை ஒரு பெருந்தொழிலின் அடித்தளமானது இப்படித்தான்.

அக்கொட்டையிலிருந்து ஒட்டுக்கன்று வரையிலான வேலை இரண்டு, மூன்று ஆண்டு இழுக்கும். இலையுதிர் காலத்தில் விழும் கறுப்பு வால்நட்டின் மேல்தோலை உரிக்கும்போது அதன் சாறு கையில் ஏறினால் வாரக்கணக்கில் கருமை போகாது. தோலுரித்த கொட்டையை ஈரமணலில் புதைத்துக் குளிர்காலம் முழுவதும் குளிர்ச்சியில் வைத்தால்தான் உள்ளே இருக்கும் முளை விழித்தெழும். வசந்தத்தில் பாத்தியில் விதைத்த நாற்று அந்த ஆண்டின் கோடை முடிவுக்குள், அல்லது அடுத்த கோடைக்குள், பென்சிலைவிடத் தடித்துவிடும். அப்போது பட்டைமொட்டு ஒட்டு என்ற முறையைக் கையாளுவார்கள். ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளியில் இணையாகப் பொருத்திய இரட்டை அலகுக் கத்தி ஒன்றால் வேர்ச்செடியின் பட்டையில் குறுக்காக ஒரே சமயத்தில் இரு கீறல்கள் இடப்படும். பக்கவாட்டிலும் கீறி அந்தச் சதுரப்பட்டையைப் பெயர்த்துவிட்டு, அதே கத்தியால் அதே அளவில் நல்ல ரகத்தின் தண்டிலிருந்து எடுத்த, நடுவில் ஒரு மொட்டு உள்ள பட்டைத்துண்டு அந்தப் பள்ளத்தில் பதிக்கப்படும். மொட்டின் முனை மட்டும் வெளியே தெரியும்படி சுற்றிக் கட்டிவிட வேண்டும். பெயர்த்த பட்டையின் உட்புறம் ஈரம் உலர்வதற்குள் பதித்துவிட வேண்டும் என்பதால், இதில் தேர்ந்த கை தயங்குவதே இல்லை. மேலும் கீழும் ஒரே கத்தி அளவெடுப்பதால் துண்டு பள்ளத்தில் இம்மியும் பிசகாமல் உட்காருகிறது. வால்நட் ஒட்டு எளிதானதற்கு அறிவியல் கட்டுரைகள் எத்தனையோ உதவியிருக்கலாம். இந்த இரட்டைக் கத்திக்கும் அவற்றுக்கு நிகரான பங்கு உண்டு என்றே சொல்ல வேண்டும். இன்னொரு வழக்கமும் இருந்தது. கறுப்பு நாற்றையே தோப்பில் நட்டுச் சில ஆண்டு வளரவிட்டு, பிறகு உயரத்தில் வெட்டி ஒட்டுக் கட்டினார்கள். மார்பளவு உயரத்தில் நிறம் மாறும் மரங்கள் இந்த வழக்கத்தின் சான்று.

இதற்கிடையே சாண்டா ரோசா என்ற சிற்றூரில் நிகழ்ந்த ஒரு கலப்பு, வேர்ச்செடியின் வரலாற்றை வேறு வழியில் திருப்பியது. 1875-இல் அங்கே குடியேறிய தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க், பாரசீக வால்நட்டையும் கலிபோர்னியக் கறுப்பு வால்நட்டையும் கலந்து பெற்ற செடியை 'பாரடாக்ஸ்', அதாவது 'முரண்' என்ற பெயரில் 1893-இல் வெளியிட்ட தம் பட்டியலில் விளம்பரம் செய்தார். அதன் வளர்ச்சி கண்டவரைத் திகைக்கவைத்தது. அவர் வீட்டுக்கு எதிரே சாலையில் நட்ட மரங்கள் பதினைந்து ஆண்டுக்குள் ஏறத்தாழ 60 அடி உயர்ந்துவிட்டன என்று அவரே எழுதினார். ஆயினும் அது காய்ப்பது அபூர்வம். விரைவில் பலகை தரும் மரமாகவே பர்பாங்க் அதை விற்க முனைந்தார். விளம்பரத்தில் சற்றும் கூச்சமில்லாதவர் என்று பெயரெடுத்தவர் அவர். இருந்தும், தாம் உண்டாக்கியவற்றுள் மிகப் பெரும்பயன் தரப்போவது தரைக்குக் கீழேதான் என்பதை அந்த விளம்பரங்கள் அறவே சொல்லவில்லை.

தமிழ் வேளாண் வழக்கில் 'ஒட்டு' என்ற சொல் இருபொருள் தருகிறது. 'ஒட்டு மாங்கன்று' என்னும்போது அது கத்தியால் இணைத்தது. 'வீரிய ஒட்டுப் பருத்தி' என்னும்போது அது மகரந்தத்தால் கலந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது குழப்பம் என்று பாடநூல் எழுதுவோர் 'கலப்பினம்' என்ற சொல்லை நாடுகிறார்கள். ஆனால் பாரடாக்ஸ் வேரின்மேல் நிற்கும் வால்நட் மரத்தில் இருபொருளும் ஒருங்கே பொருந்துகின்றன, கீழே மகரந்தத்தின் ஒட்டும் அதன்மேல் கத்தியின் ஒட்டுமாக. இரு இனங்கள் கலக்கும்போது பிறக்கும் மிகுவலிமையை வீரியம் என்பார்கள். பாரடாக்ஸின் வீரியம் மெலிந்த மண்ணிலும் கனத்த மண்ணிலும் தனித்துத் தெரிந்தது, அதன் வேர் கறுப்பு வால்நட்டின் வேரைவிட ஈரத்தையும் நூற்புழுவையும் ஓரளவு நன்றாகத் தாங்கியது.

சிக்கல் பெருக்குவதில் இருந்தது. பாரடாக்ஸ் அரிதாகவே காய்ப்பதால் அதன் விதையை நம்ப முடியாது. அந்த ஒன்றிரண்டு விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறையும் ஒழுங்கில்லாமல் சிதறிப்போகும். ஆளை அமர்த்திக் கையால் மகரந்தம் தூவி இலட்சக்கணக்கில் நாற்று உண்டாக்குவதும் கட்டுப்படியாகாது. அந்த வேலையை நாற்றுப்பண்ணைகள் காற்றிடம் ஒப்படைத்தன. வால்நட்டில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில் தனித்தனியே இருக்கும். ஆனால் ஒரு மரத்தின் இருவகைப் பூவும் பெரும்பாலும் ஒரே நாளில் விரிவதில்லை. சாலையோரக் கறுப்பு வால்நட்டின் பெண்பூ விரிந்து மகரந்தத்துக்குக் காத்திருக்கும் நாள்களில் அண்டைத் தோப்பின் பாரசீக வால்நட் மகரந்தத்தை உதிர்த்துக்கொண்டிருந்தால், அந்த ஆண்டுக் கொட்டைகளுள் ஒரு பங்கு பாரடாக்ஸாகவே பிறந்துவிடும். எந்தப் பங்கு என்பது மரத்துக்கு மரம் வேறுபட்டது. சில மரங்களின் விதையில் ஒன்றுகூடத் தேறாது. சிலவற்றின் விதையிலோ பெரும்பகுதி தேறிவிடும். அப்படித் தேறும் தாய்மரம் எந்தச் சாலையில், யார் வீட்டு முன்னால் நிற்கிறது என்பது ஒவ்வொரு நாற்றுப்பண்ணைக்கும் தொழில் இரகசியமாக இருந்தது.

பாத்தியில் முளைத்த பிறகு பிரித்தெடுப்பது கண்ணின் வேலை. கறுப்பு வால்நட்டின் கூட்டிலையில் பதினைந்துக்கும் மேற்பட்ட ஒடுங்கிய சிற்றிலைகள் இருக்கும், ஓரத்தில் வாள்போலப் பல் இருக்கும். பாரசீக இனத்தில் சிற்றிலை ஐந்து முதல் ஒன்பது, அகன்றவை, ஓரம் மழுங்கியவை. பாரடாக்ஸ் இரண்டுக்கும் நடுவே நிற்கும். அதன் நாற்றும் பக்கத்து நாற்றைவிட ஒரு சாண் உயர்ந்திருக்கும். வரிசையோடு குனிந்து நடந்துபோகிறவர்கள் இந்த அடையாளங்களைப் பார்த்து ஒருபுறம் பாரடாக்ஸ், மறுபுறம் கறுப்பு என்று பிரித்தார்கள். விலையிலும் வேறுபாடு வந்தது. ஆயினும் 'பாரடாக்ஸ்' என்ற பெயர் ஒரு ரகத்தைக் குறிக்கவில்லை. ஒரு தாய் வெவ்வேறு தந்தையரிடம் பெற்ற பிள்ளைகளுக்கு ஒரே குடும்பப்பெயர் வழங்குவது போன்றது அது. ஒரே வரிசையில் ஒரே நாளில் நட்ட இரு மரங்களின் மேற்பாதி இம்மியும் வேறுபடாமல் இருக்க, அடிப்பாதிகள் அண்ணன் தம்பி அளவுக்கே ஒத்திருந்தன. தோப்பில் சில மரங்கள் காரணம் தெரியாமல் சோர்ந்து நின்றதற்கு இது போதிய விளக்கம். ஆனால் நெடுநாள் பழி மண்மேலும் நீர்மேலுமே விழுந்தது.

கறுப்பு வேரும் பாரடாக்ஸ் வேரும் பாதுகாப்பானவை என்ற நம்பிக்கை உறுதிப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, 1920-களில், முதலில் ஆரிகன் மாநிலத்திலும் பிறகு கலிபோர்னியாவிலும் ஒரு விசித்திரமான சாவு தென்பட்டது. பதினைந்து, இருபது ஆண்டுகள் செழித்துக் காய்த்த மரம் திடீரென்று இலை மஞ்சளித்து, நுனி காய்ந்து, காய்ப்புக் குறைந்து நலிந்தது. அதே வேளையில் அடிமரத்திலிருந்து கறுப்பு வால்நட்டின் துளிர்கள் மட்டும் கொத்துக்கொத்தாகக் கிளம்பின. ஒட்டுப் பொருத்தின் மேலிருந்த பட்டையைச் சீவிப் பார்த்தபோது, இரு இனங்களும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கருங்கோடு ஒன்று தெரிந்தது. செத்த திசுவாலான கோடு அது. மரத்தின் ஒரு பக்கத்தில் தொடங்கும் அந்தக் கோடு ஆண்டுக்கு ஆண்டு நீண்டு, ஒருநாள் அடிமரத்தைச் சுற்றி வளைத்து முனையோடு முனை கூடிவிடும். இலை உண்டாக்கும் சர்க்கரை பட்டை வழியாகவே வேருக்கு இறங்குவதால், வளையம் மூடியதும் வேர் பட்டினி கிடந்து சாகும், வேர் செத்ததும் மரமும் சாயும். கருங்கோட்டு நோய் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

காரணம் என்ன என்பதில் அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகள் தவறான திசையிலேயே போனார்கள். இரு இனங்களை வலிந்து இணைத்ததால் முதலில் ஒத்துப்போனதுபோலத் தோன்றி, வயதான பிறகு பிணங்கிக்கொள்கின்றன என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். 'தாமதமான ஒவ்வாமை' என்று அதற்கு ஒரு கலைச்சொல்லும் கிடைத்தது. ஆனால் ஒவ்வாமைதான் காரணம் என்றால், ஒரே வயதுடைய மரங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் விழ வேண்டும். தோப்பிலோ நோய் ஒரு மரத்தில் தொடங்கிப் பக்கத்து மரத்துக்குத் தாவியது. டேவிஸ் நகரில் பணியாற்றிய தாவர நோயியலாளர் மிர்செடிச்சும் அவருடைய உடன்பணியாளர்களும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோய் தானே பரவுவது, ஒட்டினாலும் தொற்றுவது என்று காட்டி நச்சுயிரியின்மேல் விரலை வைத்தது. தொடர்ந்து வந்த ஆய்வுகள் அது செர்ரி இலைச்சுருள் நச்சுயிரி என்று நிறுவின. அது மகரந்தத்தில் ஏறிக் காற்றில் பயணம் செய்து பூவுக்குள் நுழைகிறது. கிளையில் இறங்கி அடிமரத்தை அடையப் பல ஆண்டு எடுத்துக்கொள்கிறது. பாரசீக வால்நட்டின் திசு அதைத் தாங்கிக்கொள்கிறது, வெளியே ஓர் அறிகுறியும் தெரிவதில்லை. ஒட்டுப் பொருத்தை அடைந்து கறுப்பு இனத்தின் உயிரணுவைத் தொட்ட அந்தக் கணத்தில்தான் விபரீதம் நிகழ்கிறது. கறுப்பு வால்நட்டும் பாரடாக்ஸும் அந்த நச்சுயிரியைச் சிறிதும் பொறுப்பதில்லை. அது தொட்ட உயிரணுக்கள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டு, மேற்கொண்டு அது இறங்காதபடி அடைத்துவிடுகின்றன. கருங்கோடு என்பது அந்தத் தற்கொலைப் படையின் கல்லறை. காட்டில் தனித்து நிற்கும் கறுப்பு வால்நட்டுக்கு இது உயிர்காக்கும் கவசம். ஆனால் ஒட்டு மரத்திலோ, வேரைக் காக்க எழுந்த சுவரே வேருக்கு வரும் உணவை மறிக்கிறது. வேரின் எதிர்ப்பாற்றலைக் கண்டுதான் நாற்றுப்பண்ணைக்காரர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நினைத்தால், இந்த நோயின் கொடுமை இன்னும் தெளிவாகும்.

பர்பாங்க் தேர்ந்த பெயர் கலப்பினச் செடிக்குப் பொருந்தியதோ இல்லையோ, இந்த நிலைமைக்கு நன்றாகவே பொருந்தியது. மகரந்தத்தின் வழியாகவே பாரடாக்ஸ் பிறந்தது, மகரந்தத்தின் வழியாகவே அதன் சாவும் வந்தது. கடற்கரையை அடுத்த மாவட்டங்களில் நோய் மிகுந்தபோது, பாரசீக விதைநாற்றின்மேலேயே பாரசீக ரகத்தை ஒட்டும் பழைய வழிக்குச் சிலர் திரும்பினார்கள். அப்படி நட்ட மரத்துக்கு நச்சுயிரி வந்தாலும் வேரும் கிளையும் ஒன்றாகவே அதைத் தாங்கிக்கொள்ளும், மரம் சாகாது. ஆனால் அந்த மரம் ஆண்டுதோறும் நச்சுயிரி ஏறிய மகரந்தத்தைக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கும். வேலிக்கு அப்பால் கறுப்பு வேரின்மேல் தோப்பு வைத்திருப்பவருக்கு அது எமன். மேலும் ஓக் பூஞ்சைக்கும் வேரழுகலுக்கும் அஞ்சியே கைவிட்ட வேர் அது என்பதால், அந்தப் பழைய தொல்லைகளும் கூடவே திரும்பி வந்தன. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கேல் மக்கிரனகன் முதலியோர் வேறொரு வழியை நாடினார்கள். கறுப்பு இனத்தின் பொறுமையின்மையைக் கலப்பின் வழியாக மேற்பாதிக்கும் ஏற்றிவிட்டால் நச்சுயிரி பூவிலேயே மறிக்கப்பட்டுவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. பாரடாக்ஸை மீண்டும் மீண்டும் பாரசீக ரகங்களோடு கலந்து, கறுப்பின் அந்த ஒரு குணத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு மற்ற யாவற்றையும் கழிப்பது நெடிய வேலை. ஒரு தலைமுறை காய்த்துக் காட்டவே பல ஆண்டுகள் ஆகும்.

மண்ணுக்குள் இருக்கும் மற்றப் பகைகள் நச்சுயிரிக்காகக் காத்திருக்கவில்லை. பாசனம் பெருகிய இடத்தில் பைட்டோப்தோரா என்ற நீர்வாழ் நுண்ணுயிரி வேரையும் கழுத்தையும் அழுகவைத்தது. பழைய தோப்பை வெட்டிவிட்டு மறுபடி வால்நட்டே நட்ட நிலத்தில் நூற்புழு பெருகிக் கிடந்தது. பாரடாக்ஸின் கழுத்தில் பாக்டீரியாவால் வரும் கழலை வீங்கியது. சீனாவைச் சேர்ந்த இறக்கைக்கொட்டை மரத்தின் வேர் சேற்றையும் அழுகலையும் நன்கு தாங்கும் என்று கண்டு அதையும் சோதித்தார்கள், ஆனால் பல ரகங்கள் அதன்மேல் பொருந்தவில்லை. எல்லா வழியும் சுற்றிவந்து பாரடாக்ஸிலேயே முடிந்ததால், எந்தப் பாரடாக்ஸ் என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியவில்லை. 1990-களின் பிற்பகுதியில் பல நாற்றுப்பண்ணைகளின் தாய்மரங்களிலிருந்து விதை திரட்டி, நாற்றுகளை ஒவ்வொரு நோய்க்கும் உட்படுத்திப் பார்க்கும் பெரிய ஆய்வொன்று தொடங்கப்பட்டது. தாய்மரங்களின் மரபணுவைப் பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது: வடகலிபோர்னியக் கறுப்பு வால்நட் என்று நம்பியிருந்த பல மரங்களில் கிழக்கு அமெரிக்காவின் கறுப்பு வால்நட்டும், அரிசோனா வால்நட்டும், தெற்குக் கலிபோர்னிய இனமும் கலந்திருந்தன. சாலையோரத்தில் நிழலுக்காக யாரோ நட்டவை அவை. யாரும் குலம் கோத்திரம் விசாரித்து நடவில்லை.

இந்தக் கதம்பத்திலிருந்து நல்ல நாற்று ஒன்று கிடைத்தாலும் அதை விதையால் பெருக்க முடியாது, வால்நட் குச்சியும் மண்ணில் ஊன்றினால் எளிதில் வேர்விடுவதில்லை. வழி திறந்தது ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில். 1984-இல் டிரைவர், குனியூக்கி என்னும் இருவர் பாரடாக்ஸ் வேர்ச்செடிக்கென்றே வகுத்த ஊட்டக்கலவையை வெளியிட்டார்கள். அவர்களுடைய பெயரின் முதலெழுத்துகளையும் வால்நட்டின் முதலெழுத்தையும் சேர்த்து 'டி.கே.டபிள்யூ.' என்று அது இன்றும் வழங்குகிறது. கணு ஒன்றுள்ள விரல்நக அளவுத் தண்டுத்துண்டை அந்தக் கலவையில் வைத்துத் தளிர்விடச் செய்து, தளிரை மறுபடி துண்டாக்கி, பிறகு வேர்விடும் ஊக்கியில் தோய்த்து, ஈரக்காற்றில் மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்கினால், ஒரே மரத்தின் ஆயிரக்கணக்கான நகல்கள் கிடைக்கும். இப்படி விதையின்றிப் பெருக்கிய நகல் குலத்தைக் குளோன் என்பார்கள். மேற்பாதி 19ஆம் நூற்றாண்டிலேயே குளோனாகிவிட்டது. கீழ்ப்பாதிக்கு அந்த நிலை வர மேலும் நூறாண்டு பிடித்தது. 2000-களின் பிற்பகுதியில் விளாக், வி.எக்ஸ்.211, ஆர்.எக்ஸ்.1 என்ற மூன்று குளோன்கள் நாற்றுப்பண்ணைகளுக்குக் கிடைத்தன. வி.எக்ஸ்.211 வீரியத்துக்கும் நூற்புழுவைத் தாங்குவதற்கும் பெயர்பெற்றது. டெக்சஸ் பக்கத்துச் சிறுகொட்டை வால்நட்டும் பாரசீக வால்நட்டும் கலந்து பிறந்த ஆர்.எக்ஸ்.1 பைட்டோப்தோராவை எதிர்ப்பதில் தேறியது. மூன்றுமே கருங்கோட்டு நோய்க்கு இன்னும் ஆட்படுபவைதான். ஆயினும் கன்றின் கழுத்தில் கட்டிய சீட்டில் 'சாண்ட்லர்' என்ற மேல்ரகத்தின் பெயருக்குக் கீழே இப்போது இரண்டாவது பெயர் ஒன்றும் இடம்பெறுகிறது.

பழைய தோப்புகள் வெட்டப்படும்போது அந்த மரங்களை வாங்க வருகிறவர்கள் வேறொரு கூட்டத்தார். பாரசீக வால்நட்டின் வெளுத்த கட்டையைவிட, மண்ணோடு தோண்டி எடுக்கும் கறுப்பு வால்நட்டின் அடிக்கட்டைக்கே அவர்களிடம் மதிப்பு; துப்பாக்கிப் பிடிக்கும் விலையுயர்ந்த மேசைக்கும் போகும் அந்த மரத்துக்கு மரவணிகத்தில் 'கிளாரோ' என்று பெயர். ஒட்டுப் பொருத்தை ஒட்டிய ஒரு முழ நீளத் துண்டில் வரிகள் சுழன்று, சாக்லேட் நிறமும் வெளிர்மஞ்சளும் அலைபோல மோதி நிற்கும். அறுத்த பலகையை ஈரத்துணியால் துடைத்து நிறத்தை எழுப்பிப் பார்த்து விலை சொல்லும் அந்த வணிகர், மேலே எந்த ரகம் காய்த்தது என்று கேட்பதில்லை.